மொறிஸ் மைனரும் ஐந்தாவது கியரும்

மாத்தளை மாவட்டத்துக்குள் இருவகை நிலம் உண்டு. கண்டியிலிருந்து பலகடுவ ஏற்றத்தைக் கடந்து மாத்தளை நகருக்கு இறங்கும் ஏ-9 நெடுஞ்சாலை, அங்கிருந்து நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று போகப் போகத் தாழ்ந்து, வளைவுகள் குறைந்து, வறண்ட சமவெளியிற் சென்று சேர்கிறது. அதே நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்கு ஏறும் வீதியோ, நக்கிள்ஸ் மலைத்தொடரின் தோளைச் சுற்றிச் சுற்றி ஏறி, முகிலுக்குள் நுழைந்து, மறுபுறம் இலுக்கும்புற நோக்கிச் சரிகிறது. முதல் வீதியில் ஓட்டுபவர் தம் காரின் வேகத்தைப் பற்றி நினைக்கிறார். இரண்டாவது வீதியில் ஓட்டுபவர் அதன் இழுவையைப் பற்றி நினைக்கிறார். பழைய கார் ஒன்றுக்கு ஐந்து வேகக் கியர்ப் பெட்டி தேடுவது எப்படி என்ற கேள்வி இவ்விரு வீதிகளுக்கும் நடுவே நிற்கிறது. எந்தப் பெட்டி நல்லது என்று பொதுவாகக் கேட்பவர்க்கு நல்ல விடை கிடைப்பதில்லை. எந்த வீதிக்கு என்று சேர்த்துக் கேட்டால் விடை எளிதாகிவிடும்.

பழைய கார் என்று சொன்னதும் நம் நாட்டில் மனக்கண்முன் தோன்றுவது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இந்தக் கார் 1948ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது; 1970களின் தொடக்கத்திலேயே அதன் உற்பத்தி முற்றாக நின்றது. முதலில் 918 கன சென்ரிமீட்டர் எஞ்சின். 1952 முதல் 803. 1956 முதல் 948. 1962 முதல் 1098. எஞ்சின் மூன்று முறை மாறியும் கியர்கள் கடைசி வரை நான்காகவே இருந்தன. அவற்றுள்ளும் முதலாவது கியருக்குச் சிங்க்ரோ என்னும் இணக்கும் வளையம் கடைசி வரை கொடுக்கப்படவில்லை. இந்தக் குறையை மறவாது வைத்திருங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

இக்கார்கள் இன்னும் ஓடுவதற்கு நம்மவர் பற்று மாத்திரம் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருந்த காரைத் திருத்தி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காலத்தில் வளர்ந்த கைத்திறன் பின்னும் பயன்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் இலங்கைக்காரர் ஒருவருடன் சேர்ந்து மைனரின் உடற்பகுதிகளை இங்கே செய்வித்து அங்கே விற்றார். இங்கிலாந்தில் பிறந்த காருக்கு இலங்கைத் தகரம் தைத்த கதை அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திரும்ப இடம் கிடைத்தது. அந்த ஐந்தாண்டுகளிற் பல வீடுகளில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த தந்தையாரின் காரும் பாட்டனாரின் காரும் வெளியே வந்தன.

அப்படி வெளியே வந்த காரை ஏ-9இல் ஒருநாள் தம்புள்ளைக்கு ஓட்டிப் பார்ப்பவர்க்கு முதலில் உறைப்பது எஞ்சினின் இரைச்சல். நான்காவது கியரிலே கார் செல்கிறது; ஆயினும் எஞ்சின் இன்னும் ஒரு கியரைக் கேட்டுக் கதறுவதுபோல் இருக்கிறது. ஐந்தாவது கியர் ஆசை இங்கேதான் பிறக்கின்றது.

கியர்ப் பெட்டி செய்வது யாதென்று சுருக்கமாகக் கூறிவிடலாம். சிறிய பற்சில்லு ஒன்று பெரிய பற்சில்லைச் சுழற்றினால், பெரியது மெதுவாகச் சுழலும். ஆனால் வலுவோடு சுழலும். துலாவின் நீண்ட புறத்தைப் பிடித்து இழுப்பவனின் கை அதிக தூரம் போகிறது, வாளியோ இலகுவாக எழுகிறது, அதே கணக்குத்தான். மைனரின் முதற் கியரில் எஞ்சின் 3.63 முறை சுழன்றால் பெட்டியின் வெளித்தண்டு ஒருமுறை சுழலும். 1098 எஞ்சினோடு வந்த பெட்டியில் இரண்டாவது கியருக்கு 2.17, மூன்றாவதற்கு 1.41. நான்காவதில் உள்ளே போகும் சுழற்சி அப்படியே வெளியே வருகிறது. அதன் பின் பின்னச்சில் இருக்கும் பெட்டி, நம் மெக்கானிக்குகள் டிபறன்சல் என்பது, அந்தச் சுழற்சியை மேலும் 4.22 மடங்கு குறைக்கிறது. இவ்வளவும் கழிந்த பிறகு, 1098 மைனர் ஒன்று நான்காவது கியரில் எஞ்சினின் ஒவ்வோர் ஆயிரம் சுழற்சிக்கும் மணிக்கு 26 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தைப் பெறும். நகர்ப்புறங்களுக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் விதித்த எல்லை மணிக்கு 70 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2650 முறை சுழல்கிறது.

ஐந்தாவது கியர் என்பது 1.00க்குக் குறைந்த விகிதம். எஞ்சின் ஒருமுறை சுழல்வதற்குள் வெளித்தண்டு ஒன்றுக்கு மேற்பட்டுச் சுழலும். இத்தாலியின் அல்ஃபா றோமியோ 1962இல் வெளியிட்ட ஜூலியா காரிலேயே ஐந்து கியர் இருந்தது. சாதாரணக் குடும்பக் கார்களுக்கு அது பரவியது 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான். மைனர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. ஆகவே மைனருக்கென்று தொழிற்சாலை செய்த ஐந்து வேகப் பெட்டி உலகில் எங்கும் கிடையாது. தேடப்படுவது வேறொரு காரின் பெட்டி. அதை இதற்குப் பொருத்த வேண்டும்.

இங்கிலாந்து மைனர்க்காரர்கள் பெரிதும் நாடுவது ஃபோர்ட் சியரா காரோடு 1982இல் வந்த டைப் 9 என்னும் பெட்டியை. அதன் விகிதங்கள்: முதலாவது 3.65, இரண்டாவது 1.97, மூன்றாவது 1.37, நான்காவது 1.00, ஐந்தாவது 0.82. இப்பெட்டியைப் பூட்டினால் மணிக்கு 70 கிலோமீட்டரில் எஞ்சினின் சுழற்சி 2650இலிருந்து சுமார் 2170ஆகக் குறையும். அதிவேக நெடுஞ்சாலையின் எல்லையான மணிக்கு 100 கிலோமீட்டரில், பழைய பெட்டியோடு 3800ஐ அண்மிக்கும் எஞ்சின் 3100 அளவில் அமைதியாக ஓடும். தெற்கு அதிவேகப் பாதையிலே அடிக்கடி செல்பவர்க்கு இது பெரிய ஆறுதல். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போய்த் திரும்புபவர்க்கு ஐந்நூறு சுழற்சியின் இலாபம் உண்டு. காதுக்கு இனிமை, பெற்றோலிற் சிறிது மிச்சம்.

ஆனால் விலை பேசும் இடத்தில் எல்லோரும் ஐந்தாவது கியரின் எண்ணையே கேட்கிறார்கள். மலைப்பக்கத்து மனிதர் கேட்க வேண்டியது இரண்டாவது கியரின் எண்ணை. இரத்தோட்டைக்கு மேலே, ஒரு பக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் பள்ளமுமாக, நான்கு பேரும் மூட்டைகளும் ஏற்றிய மைனர் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஏறுகிறது. பழைய பெட்டியின் 2.17ஐ எடுத்துவிட்டு டைப் 9இன் 1.97ஐ வைத்தால், அந்த ஏற்றத்தில் இழுவை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ணலாம். 48 குதிரைவலு மாத்திரமே உள்ள எஞ்சினுக்கு, வளைவின் நடுவிலே அந்தப் பத்தில் ஒரு பங்கு இல்லாமற்போனால், இரண்டாவதில் ஏற முடியாமல் முதலாவதுக்கு இறங்க வேண்டி வரும். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள இடைவெளியும் புதிய பெட்டியிற் பெரியது: ஒன்றில் எஞ்சின் கத்தும், மற்றதில் முனகும், நடுவிலே பொருத்தமான கியர் கிடையாது. 948 எஞ்சின் உள்ள காருக்கு இழப்பு இன்னும் அதிகம். அதன் பழைய பெட்டியில் இரண்டாவது கியர் 2.37ஆக இருந்தது. மஸ்டா எம்.எக்ஸ். 5 என்னும் சிறிய விளையாட்டுக் காரின் பெட்டியைப் பூட்டிக்கொள்பவர்களும் வெளிநாடுகளில் உளர். மாற்றுவதற்கு வெண்ணெய்போல் வழுக்கும் அருமையான பெட்டி. ஆயின் அதன் முதலாவது 3.14, இரண்டாவது 1.89. கூடிய வலுவுள்ள எஞ்சினுக்காகப் பிறந்த அதை ரிவஸ்டன் வீதிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்படியாயின் மலைநாட்டார்க்கு ஐந்தாவது கியர் வேண்டாமா? வேண்டும், வழி இரண்டு உண்டு.

ஒன்று, டொயோட்டா கொறொல்லாவின் பழைய பெட்டி. கே வகை எஞ்சின்களோடு வந்த ஐந்து வேகப் பெட்டியின் இரண்டாவது கியர் ஏறக்குறைய 2.2, மைனரின் சொந்த எண்ணுக்கு மிக அண்மையில் உள்ளது. அதன் ஐந்தாவது டைப் 9இன் ஐந்தாவதைப்போல் அவ்வளவு நீண்டதன்று, 0.86 அல்லது 0.87 அளவு. ஆகவே சமவெளியில் இலாபம் கொஞ்சம் குறையும். மலையிலோ நட்டம் ஏதுமில்லை. மாத்தளை மாவட்டத்துக்குள் பெரும்பகுதி ஓடும் காருக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

மற்றொன்று பின்னச்சைப் பற்றியது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 948 எஞ்சின் மைனர்களின் பின்னச்சு விகிதம் 4.55. காரை வேகப்படுத்தும் ஆசையில் அதைக் கழற்றி 4.22ஐயோ, அதனினும் நீண்ட 3.9ஐயோ பூட்டும் வழக்கம் உண்டு. பின்னச்சை நீட்டினால் எல்லாக் கியர்களும் ஒருங்கே நீளும். சமவெளியிற் கிடைத்த அமைதிக்கு மலையில் வட்டி கட்ட வேண்டும். ஐந்து வேகப் பெட்டி கிடைத்தவர் இதற்கு நேர் எதிராகச் செய்வது நல்லது. குட்டையான 4.55 பின்னச்சை 1098 காரிலே வைத்து டைப் 9ஐப் பூட்டினால், இரண்டாவது கியரின் மொத்த விகிதம் 8.96 வரும். 1098 காருக்குத் தொழிற்சாலை கொடுத்த மொத்த விகிதம் 9.17. வித்தியாசம் மிகச் சிறிது. ஐந்தாவதிலோ 3.73, தொழிற்சாலை கொடுத்த 4.22ஐ விட நீளம். மணிக்கு 70 கிலோமீட்டரில் சுமார் 2350 சுழற்சி. மலையும் கெடவில்லை, சமவெளியும் கிடைத்தது. கராஜின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய பின்னச்சை இரும்புக்கு விற்றுவிடாதீர்கள்.

இனி, பெட்டி எங்கே கிடைக்கும்? கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை, நாடறிந்த பழைய உதிரிப்பாகச் சந்தை. யப்பானிலிருந்து வரும் பாவித்த எஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே குவிந்து கிடக்கும். அந்தக் குவியலைப் பார்த்து மயங்கவேண்டா. அதில் மிகப் பெரும்பாலானவை மைனருக்கு ஒருக்காலும் உதவா. 1980களின் தொடக்கத்திலிருந்து யப்பானின் சிறிய கார்கள் ஒவ்வொன்றாக முன்சில்லால் இழுக்கப்படும் கார்களாக மாறின. நிசான் சனி 1981இல் மாறியது. கொறொல்லாவின் சாதாரணக் கார் 1983இல். முன்சில்லுக் காரின் கியர்ப் பெட்டி எஞ்சினோடு குறுக்காகக் கிடந்து, தன் வயிற்றிலேயே டிபறன்சலையும் அடக்கிக்கொண்டிருக்கும். மைனருக்கு வேண்டியதோ நெடுக்காக நீண்டு, வாற்புறத்தால் பின்னச்சுக்குத் தண்டை அனுப்பும் பெட்டி. எனவே தேட வேண்டியது அந்த மாற்றத்துக்கு முந்திய கார்களின் பெட்டிகளை, அல்லது பின்சில்லிலேயே நிலைத்த பிற்காலக் கார்களின் பெட்டிகளை. சிறிய டொயோட்டா வான்களிலும் கே வகை எஞ்சின் உண்டு, ஐந்து கியரும் உண்டு. ஆனால் ஆசனத்துக்குக் கீழே எஞ்சினை வைத்த வானிலே, மாற்றுக்கோல் பெட்டியின் தலையில் நேரே நிற்பதில்லை. எங்கோ முன்னாலிருந்து கம்பிகளால் இயக்கப்படுகிறது. உள்ளே ஒன்றாக இருந்தும் வெளியே பொருந்தாது. கோல் எங்கே எழும்புகிறது என்பதைப் பார்த்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டியை நிலத்தில் வைத்து, ஒவ்வொரு கியரிலும் போட்டுக் கையாற் சுழற்றிப் பாருங்கள். உட்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் அதிகம் ஆடலாகாது. எண்ணெயைச் சிறிது வடித்து வெளிச்சத்திற் காட்டினால், பொன்துகள்போல் மின்னுவது சிங்க்ரோ வளையங்களின் பித்தளை. கொஞ்சம் மின்னினால் முதுமை. நிறைய மின்னினால் வேறு பெட்டி பார்க்கலாம். எண்ணெயே இல்லாமற் காய்ந்து கிடக்கும் பெட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், ஓடும்போது கியர் தானே கழன்று விழுமா என்பதை மேசையில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு வாரத் தவணையாவது பேசிக்கொள்வது விவேகம்.

பொருத்தும் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. மைனரின் பழைய பெட்டியில், கிளச்சை மூடும் மணி வடிவான கூடும் பெட்டியும் ஒரே வார்ப்பு. பெட்டியைக் கழற்றும்போது மணிக்கூடும் போய்விடுகிறது. புதிய பெட்டியை எஞ்சினோடு சேர்க்க இடையில் ஒரு புதிய மணிக்கூடு, அல்லது கனத்த தட்டு ஒன்று வேண்டும். அது தலைமயிரளவு மையம் விலகினாலும் உட்தண்டின் தாங்கி சில மாதங்களில் அழுது தீர்த்துவிடும். இங்கிலாந்திலிருந்து ஆயத்தமாக வாங்கலாம். அல்லது நல்ல கடைசல் பட்டறையிற் செய்விக்கலாம். செலவைக் குறைக்கத்தக்க இடம் இதுவன்று. கிளச்சுத் தட்டின் விட்டம் பழைய எஞ்சினின் பறக்கும் சில்லுக்கும், அதன் நடுத்துளையின் பற்கள் புதிய பெட்டியின் உட்தண்டுக்கும் பொருந்த வேண்டும். காரின் அடியில் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். பின்னச்சுக்கு ஓடும் தண்டை வெட்டிச் சரியான நீளத்துக்குக் கொணர்ந்து, மீண்டும் சமன்பார்க்க வேண்டும். சமன்பாராத தண்டு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் கார் முழுவதையும் நடுங்க வைக்கும். மைனரின் தரையிலே பெட்டிக்கு மேலுள்ள மூடி கழற்றக்கூடியதாக இருப்பது பெரிய வசதி. அந்த மூடிக்கு அப்பால் தரையை வெட்டாமல் முடிப்பவரே நல்ல மெக்கானிக். கழற்றிய பழைய பெட்டியையும் சட்டத்தையும் எண்ணெய் பூசிச் சாக்கிற் சுற்றி வைத்துவிடுங்கள்; நாளை காரை மூல நிலைக்கு மீட்க விரும்பும் பேரப்பிள்ளை ஒருவர் அவற்றைத் தேடக்கூடும்.

இப்போது, முன்னர் வைத்திருக்கச் சொன்ன குறைக்கு வருவோம். புதிய பெட்டியால் மலைக்காரர் பெறும் உண்மையான பேறு முதலாவது கியருக்கும் சிங்க்ரோ கிடைப்பது. பழைய மைனரில் ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு இறங்க வேண்டுமானால், கிளச்சை அமுக்கிக் கோலை நடுவுக்குக் கொணர்ந்து, கிளச்சை விட்டு, அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினின் வேகத்தை உயர்த்தி, மறுபடி கிளச்சை அமுக்கி, பிறகே முதலாவதுக்குத் தள்ள வேண்டும். கை தேர்ந்த பழைய ஓட்டுநர்கள் இதை இமைக்கும் நேரத்திற் செய்து முடிப்பார்கள். தேராதவர் செய்தால் பற்கள் கரகரவென்று கத்தும். அப்படித் தவறவிட்ட கணத்தில் கார் எந்தக் கியரிலும் இல்லை. ரிவஸ்டன் வளைவிலே, முகில் மூடிய வேளையிலே, பின்னுக்கு உருளத் தொடங்கும் காரில் கைத்தடுப்பைத் தேடுவது மிகக் கசப்பான அனுபவம். மகனிடமோ மகளிடமோ காரின் திறப்பைக் கொடுக்க எண்ணும் பெற்றோர், ஐந்தாவது கியரை விட இந்த ஒன்றுக்காகப் புதிய பெட்டியை வாங்கினாலும் பணம் வீணாகாது.

இறக்கத்துக்கும் ஒரு சொல். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைநாட்டு ஓட்டுநரின் பழைய விதி. ஐந்தாவது கியரில் எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்தாது. சில்லுகளே எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓடும். அப்போது முழுப் பாரமும் தடுப்புகளின் மேல் விழுகிறது. 948 மைனரின் முன்சில்லுகளில் 7 அங்குலத் தடுப்பு உருளையும், 1098இல் 8 அங்குல உருளையுமே உண்டு. நீண்ட இறக்கத்தில் அவை சூடேறினால் மிதியை எவ்வளவு அமுக்கினாலும் பயன் குறைந்துகொண்டே போகும். ஆதலால் பெட்டிக்குப் பணம் சேர்ப்பவர் தடுப்புகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்கட்டும். பலகடுவயிலிருந்து மாத்தளைக்கு இறங்கும்போது ஐந்தாவதைத் தொடாதிருப்பது நன்று.

எண்ணெயைப் பற்றி மெக்கானிக்குகளிடையே தீராத வழக்கு உண்டு. மைனரின் பழைய பெட்டிக்குத் தொழிற்சாலை விதித்தது எஞ்சின் எண்ணெய், எஸ்.ஏ.ஈ. 30 வகை. அந்தப் பழக்கத்தைப் புதிய பெட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. அதற்குரிய இளக்கமான கியர் எண்ணெயை வாங்க வேண்டும். கடையிலே பின்னச்சுக்குரிய ஜீ.எல். 5 எண்ணெயை எடுத்துத் தந்தால் திருப்பிக் கொடுத்து ஜீ.எல். 4 கேளுங்கள். முன்னையதில் சேர்க்கும் இரசாயனங்கள் சில, பித்தளை வளையங்களை மெல்ல அரிக்க வல்லவை.

எல்லாம் பூட்டி முடிந்து கார் ஓடத் தொடங்கியதும் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். அதைச் சுழற்றும் கம்பி பெட்டியின் வாலிலிருந்து வருவது. புதிய பெட்டியில் அதன் பற்கணக்கு வேறு. பின்னச்சையும் மாற்றியிருந்தால் பிழை இரட்டிப்பாகும். முள் 55ஐக் காட்டக் கார் 70இல் ஓடலாம். பொலிசார் அந்த முள்ளை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாவுலைக்கு அப்பால் வீதி நேராகும் இடத்தில், காலை வேளையில், அருகிலே கடிகாரத்துடன் ஒருவரை இருத்தி, ஒரே சீரான வேகத்தில் ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து ஐந்தாவது கல் வரை ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஐந்து நிமிடம் ஆக வேண்டும். நான்கே கால் நிமிடத்தில் வந்து சேர்ந்தால் உண்மையான வேகம் 70. அந்த வித்தியாசத்தை ஒரு துண்டிலே எழுதி வேகமானிக்குக் கீழே ஒட்டிவைத்தால், சரியான பற்சில்லு கிடைக்கும் வரை அது போதும்.